முதியோர் கல்வியும் டிஜிட்டல் பயிற்சியும்: நிதிப் பொறுப்பு யாருடையது?



கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் வட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள மலையூர் காந்தலூர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் கேரளத்தின் பிற பகுதிகளில் காண இயலாத குளிர்காலப் பயிர்கள் இங்கே செழிக்கின்றன. வெள்ளைப்பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோசு, பீன்ஸ் ஆகியவற்றோடு ஆப்பிள், பிளம், பீச் முதலிய பழமரங்களும் இம்மண்ணில் வளர்கின்றன. காந்தலூர், வட்டவடைப் பகுதிகளின் வெள்ளைப்பூண்டு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. 2023ஆம் ஆண்டில் மைய அரசின் சுற்றுலாத் துறை நடத்திய சிறந்த சுற்றுலாக் கிராமத் தேர்வில் காந்தலூர் தங்கப் பிரிவில் இடம்பெற்றது.

மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்று வழங்குவது மரபு. அஞ்சுநாட்டு மக்களின் வீட்டுமொழி தமிழ்; அவர்களை ஆளும் அலுவலகங்களின் மொழி மலையாளம்; அவர்களின் கைகளில் இருக்கும் கைப்பேசியின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். விளைபொருள் உடுமலைப்பேட்டைக்கும் வடுகபட்டிக்கும் செல்கிறது. மனுக்கள் தேவிகுளத்துக்கும் பைனாவுக்கும் செல்கின்றன. இந்த மும்மொழி நிலையில் வாழும் வயது வந்த ஒருவருக்கு டிஜிட்டல் அறிவைக் கொண்டுசேர்க்க என்ன செலவாகும், அச்செலவை யார் ஏற்பது, எத்தனை ஆண்டுகளுக்கு ஏற்பது என்பவையே இவ்வுரையின் பொருள். முதியோர் கல்விக்கான நிதியைப் பற்றி நாடெங்கும் எழும் வினாக்கள் யாவும் இச்சிற்றூரில் ஒன்றுகூடி நிற்கின்றன எனலாம்.

தேவையின் தன்மை

இணையம் அறிந்திருப்பது ஒரு காலத்தில் கூடுதல் தகுதியாகக் கருதப்பட்டது. இன்று அது குடிமக்களின் அன்றாடத் தேவையாகிவிட்டது. கேரளத்தின் உள்ளாட்சி அமைப்புகளின் பணிகளை இணையவழிக்கு மாற்றும் 'கே-ஸ்மார்ட்' முறை 2024ஆம் ஆண்டு ஜனவரியில் நகராட்சிகளில் தொடங்கப்பட்டு, 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பிறப்பு, இறப்புப் பதிவும் கட்டட வரியும் மனுக்களும் இதன் வழியே செல்கின்றன. வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, ஓய்வூதியம், பயிர்க் காப்பீடு ஆகிய எதனைத் தொட்டாலும் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுஎண்ணைக் கேட்கிறார்கள்.

அந்த எண்ணைத் தாமே படித்து, அது எதற்காக வந்தது என்று அறிந்துகொள்ளும் திறன் இல்லாதவர் என்ன செய்வார்? கைப்பேசியை இன்னொருவரிடம் நீட்டுவார். கடைக்காரரோ, இடைத்தரகரோ, பள்ளி செல்லும் பேரனோ அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தம் சேமிப்பின் திறவுகோலைப் பிறர் கையில் கொடுத்துத்தான் அவர் தம் பணத்தைப் பெறுகிறார். முன்னாளில் கைநாட்டு வைத்தவர் தாம் எதில் வைத்தோம் என்று அறியாமல் நிலத்தை இழந்தார். இந்நாளில் எண்ணைச் சொல்லிவிட்டவர் கணக்கில் இருந்த தொகையை இழக்கிறார். ஏமாற்றின் வடிவம் மாறியிருக்கிறது. அறியாமையின் விலை மாறவில்லை.

ஆதாயத்தின் பக்கமும் உண்டு. பூண்டு பறித்து உலர்த்திய குடியானவர் அதை வண்டியேற்றும் முன்பே சந்தை விலையை அறிந்தால், விற்பதா காத்திருப்பதா என்று தாமே தீர்மானிக்கலாம். வீட்டில் ஓர் அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் குடும்பம், முன்பதிவைத் தானே ஏற்க அறிந்தால், தரகுத் தொகை வீட்டிலேயே தங்கும். எனவே டிஜிட்டல் பயிற்சியை ஒரு சலுகையாகக் கருதாமல், உற்பத்திக்கான முதலீடாகவே கருத வேண்டும்.

பழைய இயக்கங்கள் தந்த பாடம்

இந்திய நாட்டில் முதியோர் கல்விக்கு நிதி ஒதுக்கும் முறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1978ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்ட தேசிய முதியோர் கல்வித் திட்டம் 15 முதல் 35 வயதுக்குட்பட்ட பத்துக் கோடிப் பேரை இலக்காகக் கொண்டிருந்தது. மையங்களை நிறுவி, ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு பயிற்றுநரை அமர்த்தி, அவருக்கு மதிப்பூதியம் அளிப்பது அதன் முறை. 1988ஆம் ஆண்டு மே மாதத்தில் தோன்றிய தேசிய எழுத்தறிவு இயக்கம் வேறொரு வழியை வகுத்தது. மாவட்டம் முழுவதையும் ஒரே காலத்தில் எழுப்புவது, தொண்டர்கள் ஊதியமின்றிக் கற்பிப்பது, அரசின் நிதியைப் பாடநூலுக்கும் பயிற்சிக்கும் அமைப்புக்கும் செலவிடுவது என்பன அதன் நெறிகள்.

இம்முறையின் முதல் பெருவெற்றி கேரளத்தில் விளைந்தது. எர்ணாகுளம் மாவட்டம் 1990ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கோழிக்கோட்டில் மாநிலம் முழுவதற்குமான அறிவிப்பை வெளியிட்டவர், அவ்வியக்கத்தின் வழியே எழுத்தறிவு பெற்ற மலப்புறத்துப் பெண்மணி சேலக்கோடன் ஆயிஷா. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம் எழுத்தோடு நிற்காமல் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்றுத் தந்தது. எழுத்தறிவு என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாமே செல்லும் உரிமையுமாகும் என்பதை அம்மிதிவண்டிகள் உணர்த்தின. அன்றைய மிதிவண்டிக்கு நிகராக இன்று விளங்குவது கைப்பேசி.

ஆயினும் அறிவிப்புக்குப் பிந்தைய ஆண்டுகளின் வரலாறு அவ்வளவு ஒளிமிக்கதன்று. கற்றவர் பயன்படுத்தாத எழுத்து சில ஆண்டுகளில் மங்கிவிடும் என்பது எல்லா நாடுகளிலும் கண்ட உண்மை. அதனால்தான் தொடர்கல்வி நிலையங்கள் தேவைப்பட்டன. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் தொடங்கிய 'சாக்ஷர் பாரத்' திட்டத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மைய அரசு 75 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் ஏற்றன. ஊராட்சிதோறும் ஒரு கல்வி மையமும் இரு ஊக்குநர்களும் அமைந்தனர். 2018ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாளுடன் அத்திட்டம் முடிவுற்றபோது, மாநில அரசுகள் தம் சொந்த நிதியில் தாங்கிக்கொள்ளாத இடங்களில் மையங்களும் உடன் மறைந்தன. காலவரம்புடைய திட்ட நிதியால் ஓர் இயக்கத்தைத் தொடங்க முடியும், நிலைநிறுத்துவது கடினம். முதல் பாடம் இதுவே.

தலைக்கு எவ்வளவு?

டிஜிட்டல் பயிற்சிக்கு நிதி வந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். கேரளத்தின் 'அக்ஷயா' திட்டத்தை 2002ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் தொடங்கி வைத்தார். மலப்புறம் மாவட்டத்தில் குடும்பத்துக்கு ஒருவரைக் கணிப்பொறி அறிந்தவராக்குவது அதன் முதல் நோக்கம். பயிற்சிக்கட்டணம் ஒருவருக்கு 140 ரூபாய். இதில் 120 ரூபாயை உள்ளாட்சி அமைப்புகள் ஏற்றன. 20 ரூபாயைக் கற்பவர் செலுத்தினார். கணிப்பொறியும் இடமும் மின்சாரமும் மையத்தை நடத்திய தொழில்முனைவோரின் முதலீடு. சிறு தொகையேனும் கற்பவர் கையிலிருந்து வந்தது. பெருந்தொகை அருகிலுள்ள உள்ளாட்சியிலிருந்து வந்தது. மையமோ பயிற்சி முடிந்த பின்னரும் மின்கட்டணம் செலுத்தவும் விண்ணப்பம் அனுப்பவும் உதவும் நிலையமாக உயிர்வாழ்ந்தது. பயிற்சிக்கென வந்த பணம் ஒரு நிலையான அமைப்பை விட்டுச்சென்றமையே இதன் சிறப்பு.

மைய அரசின் 'பிரதமர் ஊரக டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம்' 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒப்புதல் பெற்றது. மதிப்பீடு 2351.38 கோடி ரூபாய். இலக்கு ஆறு கோடி ஊரகக் குடும்பங்கள். குடும்பத்துக்கு ஒருவர், வயது 14 முதல் 60 வரை, பயிற்சி 20 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஏறக்குறைய 392 ரூபாய். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றவர் கணக்கில் பயிற்சி நிலையத்துக்கு 300 ரூபாய் வழங்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாளுடன் இத்திட்டம் நிறைவுற்றபோது ஏறக்குறைய 6.39 கோடிப் பேர் பயிற்சி பெற்றிருந்தனர்.

மூன்றாவதாக, புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 'உல்லாஸ்' எனப்படும் இது 2022-23 முதல் 2026-27 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு வகுக்கப்பட்டது. மொத்த மதிப்பீடு 1037.90 கோடி ரூபாய். அதில் மையப் பங்கு 700 கோடி, மாநிலங்களின் பங்கு 337.90 கோடி. இலக்கு ஆண்டுக்கு ஒரு கோடி வீதம் ஐந்து கோடிப் பேர். அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும், வாழ்க்கைத் திறன்கள், தொழில் திறன், அடிப்படைக் கல்வி, தொடர்கல்வி என்னும் ஐந்து கூறுகளில் டிஜிட்டல் எழுத்தறிவு வாழ்க்கைத் திறன்களுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. இதைத் தலைக்கு வகுத்தால் ஏறக்குறைய 208 ரூபாய். எழுத்து, எண், நிதியறிவு, நலவாழ்வு, டிஜிட்டல் ஆகிய அனைத்துக்கும் சேர்த்தே இத்தொகை. கற்பிப்பவர் ஊதியம் பெறாத தொண்டர் என்பதால்தான் இக்கணக்கு பொருந்துகிறது என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். தொண்டர் தரும் மாலைப்பொழுது எந்த வரவு செலவுத் திட்டத்திலும் ஏறாத பெருநிதி.

புல்லம்பாறை முதல் மாநிலம் வரை

தொண்டர் வலிமையின் அண்மைக்கால எடுத்துக்காட்டு திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சி. ஊரக வேலை உறுதித் திட்டத் தொழிலாளர்கள் கூலி வந்ததா என்று அறிய வங்கியில் வரிசையில் காத்திருப்பதைக் கண்டு அங்கே எழுந்த எண்ணம், 2021ஆம் ஆண்டில் ஓர் இயக்கமாக உருப்பெற்றது. வகுப்புக்கு வருமாறு மக்களை அழைக்காமல், வகுப்பே மக்களிடம் சென்றது. வேலைத்தளங்களிலும் குடும்பஸ்ரீ கூட்டங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் பாடம் நடந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கற்றுத்தேற, 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் அது முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது.

அதை முன்மாதிரியாகக் கொண்ட 'டிஜி கேரளம்' திட்டத்தில் 83.45 லட்சம் குடும்பங்களைச் சேர்ந்த ஒன்றரைக் கோடிப் பேரிடம் கணக்கெடுப்பு நடந்தது. டிஜிட்டல் அறிவு அற்றோர் 21.88 லட்சம் பேர் எனக் கண்டறியப்பட்டு, அவர்களுள் 21.87 லட்சம் பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. 2.57 லட்சம் தொண்டர்கள் இதில் ஈடுபட்டனர். 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள் கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. காந்தலூரும் இவ்வறிவிப்புக்குள் அடங்கும்.

இச்சாதனைக்கு அடித்தளம் ஒன்று உண்டு. 1996ஆம் ஆண்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்போது கேரள அரசு தன் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒதுக்க முடிவு செய்தது. தம் கையில் நிதியும், அதை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் உரிமையும் இருந்ததால்தான் ஊராட்சிகள் மேலிடத்து ஆணைக்குக் காத்திராமல் இயங்கின. எனினும் 1991இன் அறிவிப்புக்குப் பின் எழுந்த அதே வினா 2025இன் அறிவிப்புக்குப் பின்னும் எழுகிறது. கற்றதை மறவாமல் காக்க யார் செலவிடுவது? அதிலும் ஒரு வேறுபாடு உண்டு. அகர வரிசை மாறுவதில்லை. கைப்பேசியின் செயலிகளோ ஆண்டுதோறும் மாறுகின்றன. ஒருமுறை கற்றவர் ஈராண்டில் மீண்டும் கல்லாதவராகும் அபாயம் டிஜிட்டல் அறிவுக்கே உரியது.

ஐரோப்பிய நாடுகளின் அனுபவம்

செல்வ வளம் மிக்க ஐரோப்பிய நாடுகளும் இவ்வினாவிலிருந்து விடுபட்டவை அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2030ஆம் ஆண்டுக்குள் 16 முதல் 74 வயதுக்குட்பட்டோரில் 80 விழுக்காட்டினர் அடிப்படை டிஜிட்டல் திறன் பெற வேண்டும் என்று இலக்கு வகுத்தது. 2023ஆம் ஆண்டின் அளவு 55.6 விழுக்காடு, 2021இல் அது 53.9 விழுக்காடாக இருந்தது. பணமும் கருவியும் இருந்தும் முன்னேற்றம் மெதுவாகவே நிகழ்கிறது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

அங்கே நிதி வரும் வழிகள் பல. ஒன்றியத்தின் 'எராஸ்மஸ் பிளஸ்' திட்டத்துக்கு 2021 முதல் 2027 வரை ஏறக்குறைய 2600 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. அதில் கல்வி, பயிற்சிப் பிரிவுக்கான தொகையில் குறைந்தது 5.8 விழுக்காடு முதியோர் கல்விக்குச் செல்ல வேண்டும் என்று விதியிலேயே எழுதப்பட்டுள்ளது. பங்கு சிறியதே, ஆயினும் பல்கலைக்கழகங்களும் பள்ளிகளும் நிதியைக் கேட்டு நிற்கும்போது முதியோர் கல்வி பந்தியின் கடைசியில் விடப்படாமல் இக்கீழ்வரம்பு காக்கிறது.

பிரான்சு நாடு பணத்தை நிறுவனத்திடம் தராமல் கற்பவர் கணக்கில் வைக்கும் முறையைக் கைக்கொண்டது. வேலை செய்யும் ஒவ்வொருவர் பெயரிலும் ஆண்டுக்கு 500 யூரோ, மொத்தம் 5000 யூரோ வரை சேரும். குறைந்த கல்வித் தகுதி உடையோருக்கு ஆண்டுக்கு 800 யூரோ, மொத்தம் 8000 வரை. கற்பவர் தமக்கு வேண்டிய பயிற்சியைத் தாமே தேர்ந்து இக்கணக்கிலிருந்து கட்டணம் செலுத்துவார். கற்பவருக்கு மதிப்பளிக்கும் முறை இது. ஆனால் கணக்கில் உள்ள பணத்தைக் குறிவைத்துப் போலி நிறுவனங்கள் தொலைபேசியில் மக்களை அழைத்து ஏமாற்றத் தொடங்கின. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அத்தகைய அழைப்புகளைத் தடைசெய்து சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல், வேலை தேடுவோர் முதலான சிலர் நீங்கலாக, கற்பவரும் 100 யூரோ செலுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அக்ஷயாவின் 20 ரூபாயை இது நினைவூட்டுகிறது.

செருமனியின் மக்கள் உயர்பள்ளிகள் நகராட்சி, மாநில அரசு, கற்பவர் கட்டணம் ஆகிய மூன்று ஊற்றுகளிலிருந்து நிதி பெறுகின்றன. ஓர் ஊற்று வற்றினும் மற்றவை பள்ளியைத் தாங்கும். சுவீடனின் படிப்பு வட்டங்கள் அரசின் மானியத்தில் நெடுங்காலம் செழித்தவை. 2024 முதல் அம்மானியத்தை அரசு படிப்படியாகக் குறைத்தபோது அவை பெரும் நெருக்கடிக்கு உள்ளாயின. ஒரே ஊற்றை நம்பும் அமைப்பு எவ்வளவு பழமை வாய்ந்ததாயினும் தளரும் என்பதற்கு இது சான்று.

மலையும் மொழியும் கேட்கும் கூடுதல் செலவு

இவ்வளவும் அறிந்தபின் மீண்டும் காந்தலூருக்குத் திரும்பலாம். தலைக்கு இவ்வளவு என்று ஒரே அளவில் வகுக்கும் முறை சமவெளிக்கு ஏற்றது. மலையில் அதே தொகை பாதி வேலையையே செய்யும். முதுவர் குடிகளும் மலைப்புலையர் குடிகளும் காட்டுப்பகுதியில் தொலைவாகப் பிரிந்து கிடக்கின்றன. நகரத் தெருவில் ஒரே மாலையில் பத்து வீடுகளுக்குச் செல்லும் தொண்டர், மலைக்குடியொன்றுக்குச் சென்று திரும்ப ஒரு முழுநாளைச் செலவிட வேண்டும். அவருக்கு ஊதியம் வேண்டாம் என்றாலும் ஜீப்புக் கட்டணம் உண்டு, உணவு உண்டு. அலைவரிசை எட்டாத இடத்தில் கைப்பேசிப் பாடம் நடத்துவது நீரின்றி நீச்சல் கற்பிப்பது போன்றது. கேரள அரசின் 'கே-போன்' கம்பிவட இணைய அமைப்பு 2023ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் தொடங்கப்பட்டது. இருபது லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு அளிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அத்தகைய இணைப்பு மலையின் கடைசிக் குடி வரை செல்லும் நாளில்தான் பயிற்சி முழுப்பயன் தரும்.

மொழியின் சிக்கல் இதனினும் நுண்மையானது. முதுவர் பேச்சு தமிழை ஒட்டியது. அஞ்சுநாட்டு முதியோர் பலருக்கு மலையாளம் கேட்டால் விளங்கும், படிக்க வராது. ஒருவர் தம் தாய்மொழியில் கூடப் படித்தறியாத நிலையில், வேற்றெழுத்தில் அமைந்த பாடநூலைத் தந்து, ஆங்கிலத்தில் ஒளிரும் திரையைத் தொடச் சொன்னால், அவர் மூன்று மலைகளை ஒரே நாளில் ஏற வேண்டியவராகிறார். தொட வேண்டிய இடத்தின் நிறத்தையும் வடிவத்தையும் மனப்பாடம் செய்து அன்றைய தேர்வில் தேறிவிடலாம். செயலியின் தோற்றம் மாறும் நாளில் கற்றது அனைத்தும் வீணாகும்.

இதற்குச் சட்டத்தின் துணை இல்லாமலில்லை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மாநிலத்தின் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தத்தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் வழிசெய்கிறது. குறை தீர்க்க வேண்டி விண்ணப்பிப்போர் நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் விண்ணப்பிக்கலாம் என்று அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு கூறுகிறது. தாளில் எழுதிய மனுவுக்கு உள்ள இவ்வுரிமை, திரையில் நிரப்பும் மனுவுக்கும் இருக்க வேண்டுமல்லவா? தமிழில் பாடமும், தமிழில் குரல் வழிகாட்டலும், தமிழில் படிவமும் ஆக்குவதற்கு ஒருமுறை ஆகும் செலவு பெரிதன்று. அதை எந்தத் துறையின் கணக்கில் எழுதுவது என்ற தயக்கமே பெரும்பாலும் தடையாகிறது.

செய்யத்தக்கன

மேற்கண்டவற்றிலிருந்து சில கருத்துகள் தாமே வெளிப்படுகின்றன.

முதலாவது, நிலையான ஊற்று. தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்துவரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகத் தண்டப்படுகிறது. கேரளத்தில் 1989ஆம் ஆண்டின் சட்டப்படி இவ்வரி ஐந்து விழுக்காடு. திட்டங்கள் வந்து போகும். இவ்வரி ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும். ஊர் நூலகத்தில் வாரம் இருமுறை, ஐயம் கேட்டு வருவோருக்கு அமர்ந்து சொல்லித்தரும் ஒருவரை இந்நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு அமர்த்தலாம். கற்றது மறவாமலிருக்க வகுப்பைவிட இத்தகைய இடமே தேவை.

இரண்டாவது, கீழ்வரம்பு. ஐரோப்பிய விதியைப் போல, ஊராட்சித் திட்ட நிதியில் வாழ்நாள் கல்விக்குக் குறைந்த அளவொன்றை வரையறுக்கலாம். சாலையும் பாலமும் கேட்போர் கிராம சபையில் பலர். தமக்குக் கைப்பேசி தெரியாது என்று எழுந்து சொல்வோர் எவருமிலர். கேட்கக் கூசுவோருக்காக விதிதான் பேச வேண்டும்.

மூன்றாவது, தொகை வழங்கும் முறை. சான்றிதழ் எண்ணிக்கையைக் கொண்டு பணம் வழங்குவது தணிக்கைக்கு எளிது. ஆனால் தேர்வு நாளோடு பயிற்றுநரின் அக்கறை முடிந்துவிடும். முழுத்தொகையையும் ஒரே நாளில் தராமல், ஒரு பகுதியை ஆறு திங்கள் கழித்து, கற்றவர் தம் கணக்கைத் தாமே பார்க்கிறாரா, தம் மனுவைத் தாமே அனுப்புகிறாரா என்று கண்டறிந்தபின் வழங்கலாம். அலுவலர்களுக்கு இது கூடுதல் வேலை என்பதில் ஐயமில்லை. ஆயினும் செலவிட்ட பணம் எங்கே போயிற்று என்பதற்கு இதுவே விடை தரும்.

நான்காவது, தொலைவுக்கும் மொழிக்கும் தனி ஒதுக்கீடு. பழங்குடியினர் நலத்துக்கான நிதியிலிருந்தோ, மொழிச் சிறுபான்மையினர் நலத்துக்கான நிதியிலிருந்தோ, தலைக்கான தொகையின் மேல் ஒரு மலைப்படி சேர்க்கப்படலாம். தமிழ்ப் பாடங்களை ஆக்குவதில் இரு மாநிலங்களின் முதியோர் கல்வித் துறைகளும் கூட்டாகச் செயற்பட்டால் செலவு பாதியாகும். கோவை மாவட்டத்து வால்பாறைக்கும் நீலகிரிக்கும் உதவும் பாடம் காந்தலூருக்கும் உதவுமன்றோ?

ஐந்தாவது, பாடத்தின் உள்ளடக்கம். பணம் அனுப்பக் கற்பிக்கும் நாளிலேயே, எவரிடமும் சொல்லக்கூடாத எண் எது, ஏமாற்று அழைப்பின் அடையாளம் எது, ஏமாந்தால் உடனே 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கு எவ்வாறு தெரிவிப்பது என்பனவும் கற்பிக்கப்பட வேண்டும். இவையின்றிப் பயிற்சி அளிப்பது, கதவைத் திறக்கக் கற்பித்துத் தாழிடக் கற்பிக்காமல் விடுவதாகும்.

முடிவாக

இவற்றுள் எதுவும் பெருந்தொகையை வேண்டுவதன்று. ஒரு முதியவருக்கு இருநூறு ரூபாயா நானூறு ரூபாயா என்னும் வினா வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி. ஆனால் தம் கூலி வந்துவிட்டதா என்று அறியப் பேரனின் பள்ளி விடும் வரை வாசலில் காத்திருக்கும் பாட்டிக்கு அது அவ்வாறன்று. மாநிலம் முழுமைக்குமான அறிவிப்பு வெளியான நாளில் கணக்கெடுப்போரின் பணி நிறைவுற்றது. ஊராட்சி அலுவலரின் பணியும் நூலகரின் பணியும் அன்றுதான் தொடங்கின. நாளை அலுவலர்களாகப் பொறுப்பேற்க இருக்கும் மாணவர்கள், பயிற்சி பெற்றோர் எத்தனை பேர் என்று கேட்பதோடு நில்லாமல், பயிற்சி பெற்றவர் இன்றும் தம் கைப்பேசியைத் தாமே திறந்து படிக்கிறாரா என்று கேட்கும் பழக்கத்தைக் கைக்கொள்வார்களானால், முதியோர் கல்விக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் பயன் தரும். காந்தலூரின் பூண்டு வயல் வரப்பில் நின்று, குடியானவர் ஒருவர் தம் மொழியில், தம் கையால், பிறர் துணையின்றி அன்றைய சந்தை விலையைப் பார்த்து, இன்று விற்பதில்லை என்று முடிவு செய்யும் நாளில்தான் அவ்வறிவிப்பு முழுமை பெறும்.